சிறுவீட்டுப் பள்ளிக்கூடம்

கலைச்செல்வி மூத்தவள் பேச்சியின் இரண்டு கைகளையும் மணிக்கட்டோடு பிடித்து வாளிக்குள் அமுக்கினாள். செம்மண் கரைந்து தண்ணீர் ஒரே நொடியில் டீ நிறத்துக்கு வந்தது.

“நகக்கண்ணைச் சுரண்டுட்டி. சீக்கிரம். நெத்தியில வேற அப்பியிருக்கு பாரு. ஏ பொன்னி, நீ போய்ப் பாயை விரி. போர்வையை இழுத்து மூடிட்டுப் படு. ரெண்டு பேருக்கும் காய்ச்சல். யாரு வந்து கேட்டாலும் காய்ச்சல். கேட்டியா?”

“எத்தனை டிகிரி?” என்றாள் பொன்னி. ஆறு வயசுக்காரிக்குப் போன வாரம்தான் தெர்மாமீட்டர் பாடம் முடிந்திருந்தது.

“நூத்தியொண்ணு. போ உள்ள.”

“அப்ப அக்காளுக்கு?”

“அவளுக்கும் நூத்தியொண்ணுதான். ஓடுட்டி.”

பேச்சி ஒன்றும் கேட்கவில்லை. எட்டு வயசு. பேருக்குத்தான் பேச்சி, வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்க வேண்டுமென்றால் அந்த அம்மனே இறங்கி வர வேண்டும். கையை நீட்டினாள், அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள், உள்ளே போனாள். அவ்வளவுதான்.

இரண்டு நிமிஷத்துக்கு முன்னால், எதிர்வீட்டுப் பிச்சைக்கண்ணு அக்கா குடத்தைக் குழாயடியிலேயே போட்டுவிட்டு ஓடி வந்து சேதி சொல்லியிருந்தாள். “ஏ கலா, ஆபீஸ் பொம்பளை ஒருத்தி ஒன் வீட்டு நம்பரைக் கேட்டுட்டு வாரா. கழுத்துல அட்டை தொங்குது. கையில ஃபைலு. நான் வடக்க கையைக் காட்டிட்டேன். ரயில்வே கேட்டு வரைக்கும் போயித் திரும்பட்டும். அதுக்குள்ள பிள்ளைகள எங்கனயாவது ஒளி.”

ஆபீஸ் பொம்பளை வந்தால் என்ன ஆகும் என்பது கலைச்செல்விக்குத் தெரியும். அதைப் புருஷன் பெருமாள்ராஜ் இரண்டரை வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டான். மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறும்போது எப்படிப் பேசுவானோ அப்படித்தான் தரையிலும் பேசுவான், தேவைக்கு மேல் ஒரு சொல் கிடையாது. “நீ வீட்ல வச்சே படிச்சுக் குடு. நான் தடுக்கல. ஆனா எவனாவது ஆபீஸ்காரன் வந்து வாசல்ல நின்னான்னா, மறுநாள் பிள்ளைக ரெண்டும் ஸ்கூலுக்குப் போவுது. நான் கவர்மெண்டுச் சம்பளம் வாங்குதவன். அவங்கிட்ட நின்னு சட்டம் பேச என்னால ஆவாது.” அவளும் சரி என்றாள். அப்போது ஆபீஸ்காரர்கள் யாரும் கல்லிடைக்குறிச்சியில் இந்தக் கடைசித் தெரு வரைக்கும் வருவார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அவளுக்கு ஸ்கூல் தெரியாத விஷயமில்லை. அம்பாசமுத்திரத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆறு வருஷம் எல்.கே.ஜி. டீச்சராக இருந்தவள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து வாயில் விரலை வைக்கச் சொல்லி உட்கார்த்தி வைத்தவள். அதே பள்ளியில் பேச்சியைச் சேர்த்தாள். காலை எட்டு மணிக்கு வேன் சத்தம் தெருமுனையில் கேட்டதும் பேச்சி வாந்தி எடுப்பாள். அழுகை கிடையாது, அடம் கிடையாது. வாசலுக்குப் போய்க் குனிவாள், வாந்தி எடுப்பாள், வாயைக் கொப்பளித்துவிட்டு வேனில் ஏறுவாள். ஐந்து மாசம். ஒரு நாள் கலைச்செல்வி, வேன் வருவதற்குக் கால்மணி நேரம் முன்னாலேயே அந்தப் பிள்ளை தானாகப் போய் வாசலில் தயாராகக் குனிந்து நிற்பதைப் பார்த்தாள். அன்றைக்கே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டாள். வீட்டோடு இருக்க ஆரம்பித்து மூன்றாவது வருஷம் நடக்கிறது. பேச்சி ஒரு நாள்கூட வாந்தி எடுத்ததில்லை. அந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டுதான் அவள் ஊர்வாயை எல்லாம் அடைத்துக்கொண்டிருந்தாள்.

முற்றத்தைப் பார்த்தாள். எதை மறைப்பது? தை எட்டாம் தேதி. நடு முற்றத்தில் சிறுவீடு பாதி எழும்பி நின்றது. மார்கழி முழுக்கக் கோலத்தின் நடுவில் சாணி உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைத்து, அந்த உருண்டைகளைத் தட்டிக் காயப்போட்டு, தையில் ஒரு நாள் வாசலில் சாண் உயரத்துக்கு மண்ணால் வீடு கட்டி, அந்த வீட்டுக்கென்று பொங்கலிட்டு, காய்ந்த பூவையும் சோற்றையும் ஆற்றில் கொண்டுபோய் விடுவது இந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகளின் வழக்கம். மற்ற வீடுகளில் அரைமணி வேலை. சிலர் சாக்பீஸில் நாலு கோடு இழுத்து வீடு என்று சொல்லிவிடுவார்கள். கலைச்செல்வி வீட்டில் அது ஒரு வாரப் பாடம். ஆணி அடித்து, நூல் கட்டி, ஒவ்வொரு அறைக்கும் தரையிலேயே அளவு எழுதி, சுவருக்கு மண்ணும் வைக்கோலும் எந்த விகிதம் என்று மூன்று கிண்ணத்தில் குழைத்துப் பார்த்து, எது வெடிக்கிறது எது நிற்கிறது என்று பட்டியல் போட்டிருந்தாள். தார்ப்பாயை எடுத்து மூடலாமா என்று யோசிப்பதற்குள் கேட் கிறீச்சிட்டது.

“இது பதினேழு பார் ரெண்டுதானம்மா?”

ஐம்பதைத் தாண்டிய அம்மா. மெலிந்த உடம்பு, தலையில் முக்காடு, கையில் மடக்குக் குடை, கழுத்தில் அட்டை. மூச்சு வாங்கியது. “வட்டாரக் கல்வி ஆபீசுலருந்து வாரேன். பேரு மைதீன் பாத்திமா. வடக்க போகச் சொன்ன புண்ணியவதி யாருன்னு தெரியல. நல்லாருக்கட்டும். மொதல்ல ஒரு செம்பு தண்ணி தாங்க.”

எதிர்வீட்டு வாசலில் பிச்சைக்கண்ணு அக்கா வானத்தில் மேகம் பார்த்தாள்.

தண்ணீரைக் குடித்து முடித்ததும் அந்தம்மா கேட்டாள். “பிள்ளைங்கள்லாம் எங்கன?”

“காய்ச்சல் டீச்சர். படுத்திருக்காங்க.”

“எத்தன பேருக்கு?”

“ரெண்டு பேருக்கும்.”

“நூத்தியொண்ணு!” என்று உள்ளேயிருந்து பொன்னி கத்தினாள்.

மைதீன் பாத்திமா தலையை ஆட்டினாள். “பாவம். சரி, மத்தப் பிள்ளைங்க?”

“மத்தப் பிள்ளைங்கன்னா?”

“காய்ச்சல் இல்லாத பிள்ளைங்கம்மா. ஸ்கூலு மாடியிலயா? பின்னால ஷெட்டு போட்டிருக்கீங்களா? வெளியில போர்டே காணும்.”

கலைச்செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எந்த ஸ்கூலு டீச்சர்?”

“நீங்க நடத்துத ஸ்கூலுதான்.” அந்தம்மா ஃபைலைத் திறந்தாள். “இந்த அட்ரஸ்ல ஒரு தனியார் பள்ளி நடக்குது. லீவு நாள்லயும் வகுப்பு வைக்காங்க. சனி ஞாயிறு கிடையாது. தீபாவளி கிடையாது. அரையாண்டு லீவு கிடையாது. பாடப்புத்தகத்துப் பின்னட்டையில நம்பர் போட்டிருக்கும்லா, அதுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க. டிசம்பர் இருபத்தாறு. அரையாண்டு லீவுல இந்த மாதிரி நிறைய வரும்மா. பத்தாங்கிளாஸ் பிள்ளைங்கள வரச்சொல்லி உயிரை எடுப்பாங்க. நாங்க போயி, இனிமே லீவு விடுதோம்னு எழுதி வாங்கிட்டு வருவோம். இதுல ஸ்கூலு பேரே இல்ல. அதான் கடைசியா வச்சிருந்தேன்.”

கலைச்செல்விக்கு ஒரு நிமிஷம் தலைகால் புரியவில்லை. அப்புறம் நெஞ்சுக்குள் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. இவள் பிள்ளைகளைப் பிடிக்க வரவில்லை. தப்பான புகார். இல்லாத பள்ளி. ஒரே வார்த்தையில் அனுப்பிவிடலாம்.

“இங்க ஸ்கூலே இல்லங்க டீச்சர். வீடுதான். யாரோ வேணும்னு சொல்லியிருக்காவ.”

“அப்படியா?” மைதீன் பாத்திமா எழுந்தாள். இருபத்தேழு வருஷம் தொடக்கப் பள்ளியில் நின்ற கால்கள், நேராகச் சிறுவீட்டுக்கு முன்னால் போய் நின்றன. குனிந்து, தரையில் சாக்பீஸால் எழுதியிருந்ததைப் படித்தாள். அடுக்களை: நீளம் 40, அகலம் 30. நூலைத் தொட்டுப் பார்த்தாள். நிமிராமலே வீட்டுக்குள் கேட்கும்படி குரல் கொடுத்தாள். “ஏளா, காய்ச்சல்ல படுத்திருக்கவளே! அடுக்களைப் பரப்பளவு எவ்வளவு?”

உள்ளே பாய் சரசரத்தது. பிறகு பேச்சியின் குரல், பொறுப்பாக: “ஆயிரத்து இருநூறு சதுர சென்டிமீட்டர்.”

“காய்ச்சல்ல பினாத்துற பிள்ளை நான் நிறையப் பாத்திருக்கேன்,” என்றாள் மைதீன் பாத்திமா. “சதுர சென்டிமீட்டர்ல பினாத்தி இப்பத்தான் கேக்கேன்.”

இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. கலைச்செல்வி உள்ளே போனாள். அலமாரியில் பாடப்புத்தகங்களுக்குப் பக்கத்திலிருந்த மூன்று கனத்த நோட்டுகளை எடுத்து வந்து அந்தம்மாவின் மடியில் வைத்தாள். பிடிபட்ட பிறகு வருகிற ஒரு தைரியம் இருக்கிறதே, அது வந்துவிட்டது. அது மட்டுமில்லை. இரண்டரை வருஷமாக இந்த நோட்டுகளைப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூட அந்த வாசலுக்கு வந்ததில்லை.

மைதீன் பாத்திமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் தேதி, செயல்பாடு, தேவையான பொருள்கள், கற்றல் விளைவு. ஆனி: நெல்லையப்பர் தேரோட்டத்துக்குப் போய் வந்து அட்டையில் தேர் செய்தது, சக்கரத்தைச் சுற்றி நூலை ஓட்டிச் சுற்றளவு கண்டது. ஆடி: முளைப்பாரிச் சட்டிகளில் வெயிலில் வைத்தது எத்தனை முளை, இருட்டில் வைத்தது எத்தனை முளை. ஆவணி: களிமண் பிள்ளையார், ஈரத்தில் ஒரு எடை, காய்ந்தபின் ஒரு எடை. எதிர்த் தெருவில் ரம்ஜானுக்குக் கஞ்சி காய்ச்சினபோது அரிசியும் தண்ணீரும் என்ன கணக்கு என்று பிள்ளைகள் போய்க் கேட்டு எழுதியது. இதைப் படித்தபோது அந்தம்மா உதட்டுக்குள் சிரித்தாள். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு எத்தனை கோணம். கார்த்திகைச் சொக்கப்பனை எத்தனை நிமிஷம் எரிந்தது, சாம்பல் எந்த நிறம். மார்கழி முப்பது நாளுக்கும் முப்பது புள்ளிக்கோலம், ஒவ்வொன்றுக்கும் பெருக்கல் வாய்ப்பாடு. எல்லாம் பேச்சியின் குண்டு குண்டான கையெழுத்தில், கீழே பொன்னி ஒட்டிய படங்களோடு. ஓரத்தில் கலைச்செல்வி சிவப்பு மையில் எழுதிய குறிப்புகள்.

தீபாவளிப் பக்கத்தில் அந்தம்மாவின் விரல் நின்றது. கம்பி மத்தாப்பு, சங்கு சக்கரம், புஸ்வாணம். எது எத்தனை நொடி, என்னென்ன நிறம் என்று கட்டம் போட்டு நிரப்பியிருந்தது. ஓரத்தில் சிவப்பு மை: ‘பாடம் தொடங்கும்போது பேச்சி “இன்னைக்குமா?” என்று ஆர்வத்துடன் கேட்டாள்.’

“ஆர்வத்தோட கேட்டாளா?” என்றாள் மைதீன் பாத்திமா.

“ஆமா டீச்சர். அவ பேசுததே அபூர்வம். அதான் குறிச்சு வச்சேன்.”

அந்தம்மா இன்னும் நாலு பக்கம் புரட்டினாள். “ஞாயித்துக்கிழமை தேதியும் இருக்கே.”

“இதுல லீவுன்னு தனியா எதுக்கு டீச்சர்? எல்லாம் வெளையாட்டும் திருநாளுந்தான. மத்த ஸ்கூல்ல திருநாள்னா மூடிருவாங்க. எங்களுக்கு அன்னைக்குத்தான் பாடமே.”

மைதீன் பாத்திமா நோட்டை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சிறுவீட்டைப் பார்த்தாள். “இந்த மாதிரி ஒரு பாடக்குறிப்பு என் சர்வீஸ்ல பாத்ததில்லம்மா. பொய் சொல்லல. ஆனா என்னைய ஒரு இக்கட்டுல மாட்டி விட்டுட்டீங்க. ஸ்கூலு நடக்குன்னு எழுதினேன்னா, அங்கீகாரம் எங்கம்பாங்க. ஸ்கூலே இல்லன்னு எழுதினேன்னா, எட்டு வயசும் ஆறு வயசும் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வீட்ல என்ன செய்யுதும்பாங்க. அதுக்குப் பள்ளி செல்லாக் குழந்தைகள்னு வேற ஃபாரம் இருக்கு. அதுல பேரு ஏறிட்டுன்னா நான் நெனச்சாலும் எறக்க முடியாது.”

“வேற வழியே இல்லையா டீச்சர்?” என்றாள் கலைச்செல்வி. “பேச்சிக்கு ஸ்கூலு ஒத்துக்கல. வேன் சத்தம் கேட்டாலே வாந்தி எடுப்பா. திருப்பி அந்த வேன்ல ஏத்த என்னால ஆவாது.”

“ஒண்ணு இருக்கு. புகார் குடுத்தவங்களே, சரி, எனக்குத் திருப்திதான்னு சொல்லிட்டாங்கன்னா ஃபைல மூடிரலாம். வேற ஒண்ணும் எழுத வேண்டியதில்ல. எப்படியும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசித்தான் நான் கையெழுத்துப் போடணும்.”

“யாரு டீச்சர் அது?”

“அதைச் சொல்லக்கூடாதும்மா.”

சொல்லவே வேண்டாம் என்பதுபோல் கலைச்செல்வி எதிர்வீட்டைப் பார்த்தாள். பிச்சைக்கண்ணு அக்கா இப்போது வானத்தை விட்டுவிட்டு, வெட்கமில்லாமல் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகளை மண்ணில் போட்டு வைத்திருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொன்னவள் அவள்தானே.

“என்னட்டி என்னையப் பாக்க?” என்றாள் பிச்சைக்கண்ணு அக்கா. “நானா? ஒன்னைய ஏசணும்னா இந்தா இருக்கு தெரு, இந்தா இருக்கு என் வாயி. மூஞ்சிக்கு நேரா ஏசிட்டுப் போறேன். அதுக்குப் போன்ல ஆளைத் தேடிப் பிடிச்சு, நம்பர அமுக்கி… எனக்கு என்ன வேலையத்தா கெடக்கு? வடக்க கையைக் காட்டினதே நாந்தான், தெரியும்லா?”

“ஓ, நீங்கதானா அந்தப் புண்ணியவதி?” என்றாள் மைதீன் பாத்திமா.

பிச்சைக்கண்ணு அக்கா உள்ளே போய்விட்டாள்.

அவள் இல்லை. கலைச்செல்விக்கு அது நிச்சயமாகப் பட்டது. அப்படியானால்? சனி ஞாயிறு பாடம் நடக்கிறது என்று தெருவில் யாருக்குத் தெரியும்? தீபாவளிக்குக் கட்டம் போட்டு நிரப்பியது எவருக்குத் தெரியும்? வீட்டுக்குள் இருக்கிறவனுக்குத்தான் தெரியும். தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த பெருமாள்ராஜ், நோட்டும் பென்சிலுமாகப் பிள்ளைகள் முற்றத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு ஒரு நாள் விட்டாத்தான் என்ன?” என்றான். அவள் பிள்ளைகளைத் தேதி போடச் சொன்னாள். அவனும் இரண்டாவது தடவை சொல்லவில்லை. ஆபீஸ்காரன் வாசலில் வந்து நின்றால் என்று நிபந்தனை போட்டவனும் அவன்தான். ஆபீஸ்காரன் வரக் காணோமே என்று ஆளை அவனே வரவழைத்துவிட்டான் போலிருக்கிறது. கம்பத்தில் ஏறி ஃபியூஸைப் பிடுங்குவது மாதிரி. சத்தமில்லாமல்.

“பேசிப் பாருங்க டீச்சர்,” என்றாள். “இப்பவே, என் முன்னாலயே பேசுங்க. அந்த ஆளு என்னதான் சொல்லுதாருன்னு நானும் கேக்கேன்.”

மைதீன் பாத்திமா ஃபைலில் இருந்த எண்ணை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் போனில் அழுத்தினாள். காதில் வைத்தாள். முற்றத்தில் காக்கை ஒன்று மண் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து வைக்கோலை இழுத்தது.

மணி அடித்தது. வீட்டுக்குள்ளே.

அடுக்களை ஜன்னலில் கலைச்செல்வி எப்போதும் வைக்கிற இடத்தில், அவளுடைய போன். அவளுடைய மணி. இரண்டு தடவை, மூன்று தடவை. மைதீன் பாத்திமா தன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், ஃபைலைப் பார்த்தாள், கலைச்செல்வியைப் பார்த்தாள்.

“என் போன்லருந்தே பண்ணியிருக்காவ,” என்றாள் கலைச்செல்வி. “அவங்க போன்ல பண்ணினா தெரிஞ்சிரும்லா? அதான் என் போன்ல. பாத்தீங்களா டீச்சர், கட்டின புருசன்…”

மணி நின்றுவிட்டது. யாரோ எடுத்திருந்தார்கள்.

நிலைப்படியில் பேச்சி நின்றாள், போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. போர்வைச் சுருக்கம் கன்னத்தில் பதிந்திருந்தது. அவளுக்குப் பின்னால் பொன்னியின் தலை.

“ஹலோ,” என்றாள் பேச்சி. அது முற்றத்தில் இரண்டு தடவை கேட்டது, ஒன்று நிலைப்படியிலிருந்து, ஒன்று மைதீன் பாத்திமாவின் கையிலிருந்து.

பத்தடி தூரம்கூட இல்லை. மைதீன் பாத்திமா போனைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டிருக்கலாம். ஏனோ அப்படிச் செய்யவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போனை மறுபடி காதில் வைத்தாள். பெரியவர்களிடம் பேசுகிற குரலிலேயே கேட்டாள்.

“வட்டாரக் கல்வி ஆபீசுலருந்து பேசுதேன். இந்த நம்பர்லருந்து டிசம்பர் இருபத்தாறு ஒரு புகார் வந்திருக்கு. லீவு விடாத ஸ்கூலைப் பத்தி. யாரு பேசுதீங்க?”

“ஏட்டி, போனைக் கீழ வையி,” என்றாள் கலைச்செல்வி.

பேச்சி வைக்கவில்லை. அம்மா பக்கம் திரும்பவும் இல்லை. கண் இரண்டும் அந்தம்மாமேலேயே இருந்தன.

“மாணவி பேசுதேன்,” என்றாள். “டீச்சர் பக்கத்துலதான் நிக்காவ. அவங்கள ஏசக்கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேன்லா?”